படுக்கைக்குப் போகாத அரசன்

"எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றான் அரசன் கின்வால்.

"வீட்டில் வராத தூக்கம் இங்கே என் மீன் கூடைக்குள்ளா இருக்கப்போகிறது?" என்று கேட்டாள் டெக்வென்.

இது வேல்ஸ் நாட்டில், மிகப் பழைய காலத்தில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட நிலம் அது. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு ராஜ்யம். ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஓர் அரசன். ஒவ்வோர் அரசனுக்கும் வேண்டிய மட்டும் பங்காளிகள். கின்வாலும் அப்படி ஒரு பள்ளத்தாக்கை ஆண்டுகொண்டிருந்தான்.

டெக்வென் துறவி. கடல் உள்வாங்கும்போது மட்டும் நடந்துபோய்ச் சேரக்கூடிய ஒரு பாறைத் தீவில் தனியாக இருந்தாள். கல்லை அடுக்கிக் கட்டிய குடில், பிரார்த்தனைக்கு ஒரு மணி, கொஞ்சம் வெங்காயத்தாள் பாத்தி. அவ்வளவுதான் அவள் சொத்து. வயதில் அவள் கின்வாலைவிடச் சின்னவள். ஆனாலும் அவன் அவளைத் தாயே என்றுதான் கூப்பிடுவான்.

"ஏன் வரவில்லை?" என்றாள் அவள்.

"நாளை மறுநாள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும், தாயே."

"யாருக்கு?"

"என் மகன் ஐதானுக்கு."

டெக்வென் மீன் சுத்தம் செய்வதை நிறுத்தவில்லை. "சொல்" என்றாள்.

கின்வால் சொன்னான். ஐதான் பக்கத்து அரசனின் பேச்சைக் கேட்டு, அப்பாவுக்கு எதிராக வாள் எடுத்துவிட்டான். ஆற்றங்கரையில் சண்டை. ஐதான் தோற்றுப் பிடிபட்டான். ஆனால் பிடிபடுவதற்கு முன் அவன் வீசிய ஈட்டி, படைத் தலைவன் குர்கனின் ஒரே மகனின் நெஞ்சில் இறங்கிவிட்டது.

"குர்கன் என்ன கேட்கிறான்?"

"ஐதானின் கண்களை."

"உயிருக்கு ஈடாக மாடு கொடுப்பதுதானே உங்கள் வழக்கம்?"

"கொடுத்தேன். தொழுவத்தையே திறந்துவிட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். உடம்பில் ஊனம் உள்ளவன் அரசனாக முடியாது என்பது அந்த நாட்டு வழக்கம். அதனால் அரச குடும்பங்களில் யாரும் பங்காளியைக் கொல்வதில்லை. கொன்றால் பாவம். கண்ணை மட்டும் எடுத்துவிடுவார்கள். அதற்கு அரசியல் என்று பெயர்.

"உன் தம்பிக்குச் செய்தாயே, அது மாதிரி" என்றாள் டெக்வென்.

கின்வால் கடலைப் பார்த்தான்.

"குர்கனும் அதைத்தான் சொல்கிறான். தம்பிக்கு ஒரு நியாயம், மகனுக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறான். நான் மறுத்தால் படை அவன் பின்னால் போய்விடும். அப்புறம் சுற்றியிருக்கிற அரசர்கள் வந்து நாட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்."

"சரி. கண்ணை எடுக்கச் சொல்லிவிடு."

"அவன் என் மகன்."

"சரி. சொல்லாதே."

"நான் அரசன்."

"அப்படியானால் தூக்கம் வராதுதான்" என்று டெக்வென் ஒத்துக்கொண்டாள்.

அலை தொலைவில் இருந்தது. கரையில் அரசனின் ஆட்கள் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உன் தம்பி எலிதிர் இப்போது எங்கே?"

"என்னோடுதான் இருக்கிறான். அவன்தான் என் கால்தாங்கி."

கால்தாங்கி என்பது அந்த நாட்டு அரண்மனைகளில் ஒரு பதவி. விருந்தில் உட்கார்ந்த அரசனின் கால் தரையில் படக் கூடாது. கால்தாங்கி நெருப்புக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, அரசனின் கால்களைத் தன் மடியில் வாங்கிக்கொள்வான். அரசன் எழுந்து படுக்கைக்குப் போகும்வரை அதுதான் வேலை. சாப்பாடு அரசனின் தட்டிலிருந்தே.

அந்தப் பதவிக்கு ஓர் உரிமையும் உண்டு. அரசன் மடியில் கால் வைத்ததிலிருந்து படுக்கைக்குப் போகும்வரை, கால்தாங்கி குற்றவாளி ஒருவனைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகலாம். அரசன் படுக்கைக்குப் போகாதவரை அந்தக் குற்றவாளியை யாரும் தொடக் கூடாது. அதற்குள் அவன் எவ்வளவு தூரம் ஓடுகிறானோ, அது அவன் சாமர்த்தியம்.

ஆகவே அரசர்கள் கால்தாங்கியைப் பார்த்துப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். கின்வால் தன்னால் கண்ணிழந்த தம்பியைப் பொறுக்கினான். எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே சொன்னது. கின்வாலின் கணக்கு வேறு. கண் தெரியாதவன் யாரை எங்கே அழைத்துப் போவான்? உரிமை சும்மா கிடக்கும். தவிர, தன் கால் அவன் மடியில் இருக்கும்வரை, அவன் எங்கே இருக்கிறான் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"எலிதிர் உன்னிடம் என்ன பேசுவான்?" என்றாள் டெக்வென்.

"ஒன்றும் பேசமாட்டான். காலைத் தாங்குவான், அவ்வளவுதான்."

டெக்வென் கையைக் கழுவிக்கொண்டு போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். எதிரே இருந்த ஈர மணலைக் காட்டினாள்.

"இங்கே உட்கார்."

அரசன் உட்கார்ந்தான். அவள் தன் காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

கடற்பாசியும் சேறும் அப்பிய கால். குதிகாலில் வெடிப்பு. மீனைப்போல் சில்லென்று இருந்தது. கின்வாலின் முகம் சிவந்துவிட்டது. கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாயே, நான் அரசன்."

"தெரியும். சரியாகப் பிடி."

அவன் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கடலைக் கண்டு பயம் இல்லை" என்றாள் அவள்.

கால் அசையாமல் கிடந்தது.

"சாவைக் கண்டும் பயம் இல்லை."

அப்போதும் அசையவில்லை.

"சின்னப் பெண்ணாக இருந்தபோது என்னை இந்தப் பாறையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன என் அப்பாவை நான் மன்னித்துவிட்டேன்."

கால் விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின. கின்வால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். முகம் மணலைப்போல் அமைதியாக இருந்தது.

"இதில் எது பொய்?"

"மூன்றாவது."

"யார் சொன்னது?"

கின்வால் தன் கையிலிருந்த காலைப் பார்த்தான்.

அவள் காலை எடுத்துக்கொண்டாள். "அலை திரும்புகிறது. கிளம்பு."

"தாயே, என் கேள்விக்கு நீங்கள் இன்னும்..."

"மீன் காய்கிறது எனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

கின்வால் கரையை நோக்கி நடந்தான். பாதி வழியில் நின்றான்.

இத்தனை வருஷத்தில் எத்தனை விருந்துகள். வருகிற அரசர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கிண்ணம் காலியானதும், தம்பியின் கண்ணை எடுத்தது பற்றிய கேள்விக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவன் ஒரே பதிலைத்தான் சொல்வான். "நாட்டுக்காகச் செய்தேன். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை." பாணர்கள் அதைப் பாட்டில்கூடச் சேர்த்துவிட்டார்கள்.

அப்போதெல்லாம் கால் எலிதிரின் மடியில் இருந்தது.

அவனுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று கின்வால் நினைத்தான். வெட்கமாக இருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதையும் அவன் கவனிக்கவில்லை. கரையிலிருந்து ஆட்கள் கூப்பிட்டார்கள்.

*

விருந்து மத்தியானத்தில் தொடங்கியது. வெளியே மழை.

மண்டபத்தின் கடைசித் தூணில் ஐதானைக் கட்டியிருந்தார்கள். அவன் பக்கத்தில் குர்கன் நின்றான். மகனைப் புதைத்த நாளிலிருந்து அவன் தாடியை வெட்டவில்லை. இடுப்பில் கத்தி இருந்தது. கொல்லன் புதிதாகச் சாணை பிடித்துக் கொடுத்த கத்தி.

அரசன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எலிதிர் கீழே உட்கார்ந்து, வழக்கம்போல் இரண்டு கைகளையும் நீட்டினான்.

கின்வாலுக்குக் காலை எடுத்து வைக்க மனம் வரவில்லை. சபை நடுவே சட்டையைக் கழற்றச் சொன்னது மாதிரி இருந்தது.

"வையுங்கள், அண்ணா" என்றான் எலிதிர். அவன் பேசி வெகு நாளாகியிருந்தது.

கின்வால் வைத்தான்.

நீதிபதி எழுந்து குற்றத்தைச் சொன்னார். கிழவர், ஆனால் கணீரென்ற குரல். அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் அரசனைப் பார்த்தார்கள்.

"ஐதான் என் மகன்" என்றான் கின்வால். "நாட்டுக்கு எதிராக வாள் எடுத்தான். குர்கனின் மகனைக் கொன்றான். அவனுடைய கண்களை எடுத்துவிட வேண்டும். இதுதான் என் தீர்ப்பு. இதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை."

நல்ல குரல். நல்ல முகம். அரசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாணன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

எலிதிர் சற்று நேரம் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு, தூங்கிப்போன குழந்தையை மடியிலிருந்து இறக்குவதைப்போல, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான்.

கல் தரை சில்லென்று சுட்டது. கின்வாலின் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது.

எலிதிர் எழுந்து நின்றான்.

"கால்தாங்கியின் உரிமையைக் கேட்கிறேன்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். குர்கன் சிரிக்கவில்லை. "குருடன் வழிகாட்டப் போகிறானா?" என்றான்.

எல்லாரும் நீதிபதியைப் பார்த்தார்கள். அவர் மோவாயைத் தடவினார். "உரிமை உரிமைதான். கண் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை."

எலிதிர் நேராக நடந்தான். பெஞ்சுகளுக்கு நடுவே, நாய்களைத் தாண்டி, எதிலும் கை வைக்காமல் கடைசித் தூணுக்குப் போய்ச் சேர்ந்தான். ஐதானின் கையைத் தேடிக் கட்டை அவிழ்த்தான்.

"என்னைப் பிடித்துக்கொள்" என்றான். "வாசல் வரைக்கும் எனக்கு வழி தெரியும். அதற்கப்புறம் உனக்குத் தெரியும்."

ஐதான் அப்பாவைப் பார்த்தான். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எலிதிரும் ஐதானும் மழையில் இறங்கிப் போனார்கள்.

தீர்ப்பைச் சொல்லும்போதே கின்வால் இதை எதிர்பார்த்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவனுக்கே தெரியாது. கால் அவனுடையதுதான். ஆனால் நடுங்குவதற்கு முன் அது அவனிடம் அனுமதி கேட்கவில்லை.

"போகட்டும்" என்றான் குர்கன். "அரசர் படுக்கைக்குப் போகும்வரைதானே? குதிரைக்குச் சேணம் போட்டு வைக்கிறேன். அப்புறம் அவன் யாருடைய பாதுகாப்பிலும் இல்லை. எந்த நாட்டில் இருந்தாலும் போய் எடுப்பேன்."

"அது உன் உரிமை" என்றார் நீதிபதி.

விளக்கு வைத்தார்கள். சாப்பிட்டார்கள். பாணன் பாடி முடித்தான். பணியாள் வந்து குனிந்தான்.

"படுக்கை விரித்தாயிற்று, அரசே."

"எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றான் கின்வால்.

அது உண்மை. தூக்கம் போய் வெகு நாளாகியிருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக அது ஒரு காரியத்துக்கு உதவியது.

*

விடிந்தபோதும் அவன் நாற்காலியில்தான் இருந்தான். மறுநாளும் அப்படியே.

"விருந்து முடிந்ததா, அரசே?" என்று நீதிபதி கேட்டார்.

"முடியவில்லை. மேசையில் ஒரு ரொட்டியும் ஒரு கிண்ணமும் இருக்கட்டும். அடுப்பு அணையக் கூடாது."

நீதிபதி தனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். அரசன் எத்தனை மணிக்குள் படுக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. சட்டம் செய்தவர்கள் எல்லா அயோக்கியத்தனத்தையும் யோசித்திருந்தார்கள். இதை யோசிக்கவில்லை.

அதற்காக அரசன் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான் என்று நினைக்காதீர்கள். எழுந்தான், குளித்தான், குதிரை ஏறினான், வழக்குக் கேட்டான். இருட்டியதும் நாற்காலிக்கு வந்துவிடுவான். படுக்கை அறைப் பக்கம் மட்டும் போகவில்லை.

புதுக் கால்தாங்கி யாரையும் அவன் வைத்துக்கொள்ளவில்லை. கால் கல் தரையில்தான் இருந்தது.

குர்கனும் விடவில்லை. தினமும் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அரசனுக்கு எதிரே போட்டுக்கொள்வான். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அரசனின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "என்றைக்காவது முதுகு வலிக்காமலா போகும்?" என்பான்.

முதுகு வலித்தது. முழங்கால் வீங்கியது. கண் சொருகும்போது தலை முன்னால் சாயும், திடுக்கென்று விழிப்பான். எதிரே குர்கன் இருப்பான்.

குர்கன் போகாததால் படை போகவில்லை. படை போகாததால் பக்கத்து அரசர்கள் வரவில்லை. நாடு முழுசாக இருந்தது. சந்தையில் கின்வாலுக்கு 'நாற்காலி ராஜா' என்று பெயர் வைத்தார்கள். பாணர்கள் அந்த வருஷங்களைப் பாடாமல் தாண்டிப் போனார்கள். உட்கார்ந்திருப்பவனைப் பற்றி என்ன பாடுவது?

ஒரு முறை வழிப்போக்கன் ஒருவன் செய்தி கொண்டுவந்தான். தெற்கே ஒரு மடத்தில் கண் தெரியாத ஒருவர் மாவு அரைக்கிறார். ஓர் இளைஞன் அவரைக் கையைப் பிடித்து ஆற்றுக்கு அழைத்துப் போகிறான்.

கின்வால் கேட்டுக்கொண்டான். குர்கனும் கேட்டுக்கொண்டான்.

*

மூன்றாவது குளிர்காலம் தொடங்கும்போது குர்கன் டெக்வெனைத் தேடிப் போனான்.

"அரசர் சட்டத்தை ஏமாற்றுகிறார்" என்றான்.

"எப்படி?"

"படுக்க மறுக்கிறார்."

"நீ படுக்கிறாயா?"

"நான் எப்படிப் படுப்பேன்? அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே."

"ஓகோ" என்றாள் டெக்வென்.

குர்கனுக்குக் கோபம் வந்தது. "என் மகன் மண்ணுக்குள் படுத்திருக்கிறான், அம்மா. அவரைக் கேட்க யாரும் இல்லை. என்னைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், எப்போது விடுவாய் என்று."

"அவன் பெயர் என்ன?" என்றாள் டெக்வென்.

குர்கன் வாயைத் திறந்தான். உடனே வரவில்லை.

"மெய்லிர்."

"எப்படிப்பட்ட பிள்ளை?"

"பாட்டு வராது. ஆனால் பாடிக்கொண்டே இருப்பான்" என்றான் குர்கன். "சின்ன வயசில் பனியில் விளையாடிவிட்டு, கால் மரத்துப்போய் வருவான். நான்தான் தேய்த்துவிடுவேன். கூசுகிறது என்று கத்துவான்." அவன் நிறுத்திக்கொண்டான். "அவன் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. குர்கனின் மகன், குர்கனின் மகன் என்கிறார்கள். அரசர் தீர்ப்புச் சொன்னபோதும் அப்படித்தான் சொன்னார்."

அலைச் சத்தம் கேட்டது.

"தினமும் அரசரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா?"

"ஆமாம்."

"எங்கே பார்க்கிறாய்?"

"முகத்தை."

டெக்வென் பாறைமேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஈர மணலைக் காட்டினாள்.

குர்கன் அந்தக் காலைப் பார்த்தான். "நான் படைத் தலைவன்" என்றான். "யாருக்கும் கால் பிடிக்க வரவில்லை."

திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

"அலை வந்துவிடும், பார்த்துப் போ" என்றாள் அவள்.

"வரட்டும்."

*

அந்த வருஷம் பனி கொட்டியது. மலைப்பாதை மூடிக்கொண்டது. விறகுப் போர் பனிக்கடியில் போனது. தோண்டி எடுத்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. மண்டபத்து அடுப்பு ஒரு கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

கின்வாலுக்கு இருமல். பிறகு காய்ச்சல்.

வைத்தியர் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். "படுக்கை அறை சின்னது. கம்பளி இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் பிழைப்பார். இந்த மண்டபத்தில், இந்த நாற்காலியில், கஷ்டம்."

கின்வால் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினான். வேண்டாம்.

குர்கன் நீதிபதியைத் தனியே கூப்பிட்டான். "நாற்காலியிலேயே போய்விட்டால்?"

"அரசரின் பாதுகாப்பு அரசரோடு போய்விடும்" என்றார் நீதிபதி. "படுத்தாலும் உனக்குத்தான். செத்தாலும் உனக்குத்தான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், குர்கன். சும்மா உட்கார்ந்திரு."

குர்கன் போய் முக்காலியில் உட்கார்ந்தான்.

காலை வெளிச்சம் பனியில் பட்டு உள்ளே வந்தது. ஊழியர்கள் சுவரோரமாக நின்றார்கள். அரசன் தூங்கிக்கொண்டிருந்தான். குர்கன் வழக்கம்போல் முகத்தைப் பார்த்தான். வெளுத்திருந்தது. ஆனாலும் அரச முகம். அதில் எதுவும் தெரியவில்லை.

முகத்தைப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னபோது அந்தத் துறவி தலையாட்டவில்லை. காலைத்தான் நீட்டினாள்.

குர்கன் கீழே பார்த்தான்.

கம்பளி விலகியிருந்தது. வீங்கி, நீலம் பாய்ந்து, கல் தரையில் இரண்டு கால்கள். மெலிதாக நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரால் இருக்கும் என்று அவன் நினைத்தான்.

முக்காலி கிரீச்சிட்டது. கால் விரல்கள் சட்டென்று உள்ளே மடங்கின.

குர்கன் அசையாமல் இருந்தான். விரல்கள் மெல்ல விரிந்தன.

அவன் கத்தியின் பிடியைத் தொட்டான். உறையில் உலோகம் லேசாக உரசியது. விரல்கள் மறுபடி மடங்கின. அரசனின் கண் மூடியே இருந்தது. மூச்சுகூட மாறவில்லை.

தூக்கத்தில்கூடவா என்று நினைத்தான் குர்கன். மூன்று குளிர்காலமாகவா?

கையைக் கத்தியிலிருந்து எடுத்தான். கால் தளர்ந்தது.

அவன் எழுந்தான். வாசலில் சாத்தியிருந்த கோடரியை எடுத்துக்கொண்டு படுக்கை அறைக்குள் போனான்.

உள்ளே வெட்டும் சத்தம் கேட்டது. ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி எழுந்தார், வாயைத் திறந்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

குர்கன் கை நிறைய மரத்தோடு வந்தான். கருவாலி மரம். கின்வாலின் தாத்தா செய்வித்த கட்டில். அப்பா அதில்தான் பிறந்தார், அதிலேயே செத்தார். நூறு வருஷம் காய்ந்த மரம். அடுப்பில் வைத்ததும் பற்றிக்கொண்டது. குர்கன் திரும்பிப் போய்க் கட்டில் கால்களைக் கொண்டுவந்தான். தலைமாட்டுப் பலகையைக் கொண்டுவந்தான். கடைசிச் சட்டம்வரை கொண்டுவந்து போட்டான்.

மண்டபம் வெளிச்சமானது.

முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினான். நெருப்புக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான். அரசனின் கால்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அவை மடங்கி, இறுகி, கல்லாக இருந்தன. குர்கன் தேய்க்க ஆரம்பித்தான். பனியில் விளையாடிவிட்டு வந்த காலை எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவன் கைகளுக்குத் தெரியும். குதிகாலிலிருந்து விரலுக்கு. உள்ளங்கையை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கை வேலையாக இருந்ததால் துடைத்துக்கொள்ளவில்லை.

வெகு நேரம் கழித்துக் கின்வால் கண்ணைத் திறந்தான். நெருப்பைப் பார்த்தான்.

"விறகு எங்கிருந்து வந்தது?"

"உங்கள் படுக்கை அறையிலிருந்து."

அரசன் குனிந்து, தன் காலைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"குர்கன்" என்றான். "உன் மகன்..."

"மெய்லிர்."

"மெய்லிர்" என்றான் கின்வால்.

அவன் முகம் எப்போதும்போல்தான் இருந்தது. கால் இரண்டும் முழங்கால்வரை உதறி உதறி ஆடின. குர்கன் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டான்.

"தெரிகிறது, அரசே" என்றான். "தூங்குங்கள்."